துட்டி வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கவுன்சலிங் நிலையம்: பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தாய்மாமனின் மதிப்புரை

பாளையங்கோட்டையில் ஒரு மாடிக் கட்டடத்தில் இயங்கிவரும் குழந்தைகளுக்கான கவுன்சலிங் நிலையத்தைப் பற்றி எழுதுகிறேன். வீட்டில் ஒரு சாவு நேர்ந்தபின் பிள்ளைகளை எப்படித் தேற்றுவது என்று தெரியாமல் நிற்கும் குடும்பங்களுக்கென்று அங்கே தனியாக நேரம் ஒதுக்குகிறார்கள். நிலையத்தின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. இன்ன பள்ளியில் இன்ன வகுப்பில் படிக்கும் பிள்ளை இன்ன இடத்துக்குப் போய்வருகிறது என்ற செய்தி எங்கள் பக்கத்தில் இரண்டு தெருவைத் தாண்ட அரை நாள் போதும். அங்கே வரும் பிள்ளைகளோ, தங்கள் வீட்டுத் துட்டியை, அதாவது சாவை, ஊர் சீக்கிரம் மறந்துவிட்டால் தேவலை என்று நினைக்கிற வயதில் இருப்பவர்கள். பெயர் இல்லாவிட்டாலும் இந்த மதிப்புரை பயன்படும். இதுபோன்ற எந்த நிலையத்துக்குப் போனாலும் என்ன எதிர்பார்க்கலாம், எதைக் கறாராகக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

என் தங்கையின் கணவர் ஐப்பசி மழையில், நான்குவழிச் சாலையில் நடந்த விபத்தில் இறந்துபோனார். மூத்தவன் பத்தாம் வகுப்பு, இளையவள் இரண்டாம் வகுப்பு. தாய்மாமன் என்ற முறையில் பள்ளிக்கூடம், வங்கி, வழக்கு எல்லாவற்றுக்கும் அலைவது என் பொறுப்பாயிற்று; பிள்ளைகளை இங்கே அழைத்துப் போனதும் அதில் ஒன்று. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்னவளுக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் அங்கே கிடைத்தது கொடுத்த பணத்துக்கு மேல். பெரியவனுக்குக் கிடைத்தது பாதிதான்.

முன்பதிவுக்குப் போன் செய்தபோதே, முதல் தடவை பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டாம், வீட்டில் பிள்ளைகளோடு இருக்கும் பெரியவர்கள் எல்லாரும் வாருங்கள் என்றார்கள். என் தங்கைக்கு இது பிடிக்கவில்லை. பிள்ளைகளுக்குத்தானே கவுன்சலிங், நமக்கு எதற்கு என்றாள். ஆனால் அந்த முதல் அமர்வுதான் மற்ற எல்லாவற்றுக்கும் அடித்தளமாக அமைந்தது என்பது பிறகு புரிந்தது. சாவுச் செய்தியைப் பிள்ளைகளுக்கு யார் சொன்னது, எந்த வார்த்தையில் சொன்னது, உடலைப் பார்த்தார்களா, நீர்மாலைக்கு (உடலைக் குளிப்பாட்ட நீர் எடுத்துவரும் சடங்கு) போனார்களா, கொள்ளி வைத்தது யார், காடேத்து (எரித்தபின் சுடுகாட்டில் செய்யும் சடங்கு) அன்று பிள்ளைகள் எங்கே இருந்தார்கள், பள்ளிக்கு எத்தனையாவது நாள் திரும்பினார்கள், இரவில் யாரோடு படுக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். நீர்மாலை என்றால் என்ன, காடேத்து என்றால் என்ன என்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இணைய வழியில் கவுன்சலிங் தரும் வெளியூர் நிறுவனம் ஒன்றை நாங்கள் முன்னதாக முயன்றிருந்தோம். அங்கே பேசியவரிடம் பதினாறாம் நாள் விசேஷம் என்றால் என்ன என்று விளக்குவதிலேயே பாதி நேரம் போய்விட்டது. உள்ளூர் ஆள் என்பதற்கு ஒரு மதிப்பு இருக்கத்தான் செய்கிறது.

அந்த முதல் நாளிலேயே ஆலோசகர் சொன்ன இன்னொன்று எனக்கு அவர்மேல் நம்பிக்கையை உண்டாக்கியது. அப்பாவையோ அம்மாவையோ இழந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் கவுன்சலிங் தேவைப்படாது என்றார். பணம் வாங்கும் இடத்தில் இப்படி ஒரு பேச்சை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் சொன்னதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் வட்டாரத்தில் ஃபில்லிஸ் சில்வர்மேன், வில்லியம் வொர்டன் ஆகிய இருவரும், பெற்றோரில் ஒருவரை இழந்த 70 குடும்பங்களைச் சேர்ந்த, 6 முதல் 17 வயது வரையிலான 125 பிள்ளைகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பெரும்பாலான பிள்ளைகள் தனிச் சிகிச்சை ஏதும் இல்லாமலே தேறிவந்தார்கள். தேறாமல் தவித்த பிள்ளைகளைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பாதித்தது, உயிரோடு இருக்கும் பெற்றோர் அன்றாட வாழ்க்கையை எப்படி நடத்துகிறார் என்பதே. ஆகவே தாய்க்கும் தாத்தா, ஆச்சிக்கும் சொல்லிக்கொடுப்பதைத்தான் இந்த நிலையம் தன் முதல் வேலையாக வைத்திருக்கிறது. பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது.

சின்னவளின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இவர்களுடைய திறமை அதில்தான் வெளிப்பட்டது. அவள் இரவில் தூங்குவதில்லை. தூங்கினாலும் நடுவில் எழுந்து அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்குவாள். அம்மா கண்ணைத் திறந்து பார்த்தால்தான் மறுபடி படுப்பாள். பயந்திருக்கிறாள் என்று மந்திரித்துக் கயிறு கட்டினோம். தங்கை பக்கத்திலேயே படுத்தாள். ஒன்றும் குறையவில்லை. ஆலோசகர் அதற்கான காரணத்தை அன்றைய கேள்விகளிலேயே கண்டுபிடித்துவிட்டார். கூடத்தில் கிடத்தியிருந்தபோது அவள் அப்பாவைத் தொட்டு எழுப்பப் போக, எங்கள் ஆச்சி, “அப்பா தூங்குதாவ, எழுப்பாத தாயி” என்று சொல்லியிருக்கிறார். தூங்கிய அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள், அவர் திரும்பி வரவில்லை. அப்படியானால் தூங்குவது ஆபத்து, அம்மா தூங்குவது அதைவிடப் பெரிய ஆபத்து. ஏழு வயதுக் குழந்தையின் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. நாம் கொடுத்த தகவல்தான் பிழை.

சாவு என்றால் என்ன என்பது குழந்தைகளுக்கு ஒரே நாளில் விளங்கிவிடுவதில்லை. போனவர் திரும்ப மாட்டார், உடம்பின் எல்லா வேலையும் நின்றுவிடும், எல்லாருக்கும் ஒருநாள் வரும், அதற்கென்று உடல்ரீதியான ஒரு காரணம் இருக்கும் என்ற நான்கும் தனித்தனியாக, ஐந்து வயதிலிருந்து பத்து வயதுக்குள் மெல்ல மெல்லப் பிடிபடுகின்றன. 1948ஆம் ஆண்டிலேயே மரியா நாகி என்ற ஹங்கேரிய உளவியலாளர் தம் நாட்டுக் குழந்தைகளிடம் பேசி, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் சாவை ஒரு பயணம் போலவோ தூக்கம் போலவோதான் நினைக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். ஏற்கனவே அப்படி நினைக்கும் வயதைத் தாண்டிக்கொண்டிருக்கும் குழந்தையிடம், “சாமிகிட்ட போயிருக்காவ”, “வெளியூர் போயிருக்காவ” என்று நாமும் சேர்ந்து சொன்னால் அது அதையே பிடித்துக்கொண்டு காத்திருக்கும். வளைகுடாவில் வேலைபார்க்கும் அப்பாக்கள் ஏராளமாக உள்ள நம் வட்டாரத்தில் இது இன்னும் சிக்கல். வெளியூர் போன அப்பா இரண்டு வருஷம் கழித்துப் பெட்டி நிறையச் சாமானோடு வந்து இறங்குவதைப் பக்கத்து வீட்டில் பார்த்து வளர்கிற குழந்தைகள் இவர்கள்.

ஆலோசகர் சின்னவளோடு பத்தமடைப் பாயை விரித்துத் தரையில் உட்கார்ந்தார். செப்புச் சாமான்கள், ஒரு மர லாரி, சில துணிப் பொம்மைகள் கிடந்தன. நானும் தங்கையும் சுவரோரம் இருந்தோம். அப்பா தூங்கவில்லை, இறந்துவிட்டார் என்று அவர் அவளிடம் நேராகச் சொன்னார். அடிபட்டதில் உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது. மூச்சு இல்லை, வலி இல்லை, குளிர் இல்லை, பசி இல்லை. டாக்டர்களாலும் அதைத் திரும்ப ஓட வைக்க முடியவில்லை என்றார். தூங்கும்போது உடம்பு என்னென்ன வேலை செய்துகொண்டே இருக்கும் என்பதற்கு அவளுடைய கையையே அவளுடைய நெஞ்சில் வைத்துக் காட்டினார். தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். சின்னவள் அழவில்லை. சற்று நேரம் லாரியை உருட்டிவிட்டு, “பசிக்காதுன்னா பதினாறு அன்னைக்கு அப்பா போட்டோ முன்னாடி எதுக்குச் சோறு வச்சாவ?” என்று கேட்டாள். அது அப்பாவுக்குப் பசிக்கிறது என்பதற்காக வைத்தது இல்லை, அவரை நினைத்து, அவருக்குப் பிடித்ததைச் செய்து வைப்பது நமக்கு வேண்டியிருக்கிறது என்பதற்காக வைப்பது என்று ஆலோசகர் சொன்னார். சடங்கையும் குறைத்துப் பேசாமல், குழந்தையிடம் பொய்யும் சொல்லாமல் அந்தக் கேள்வியைக் கடந்த விதத்தை நான் இன்றும் வியக்கிறேன்.

அடுத்து வந்ததை நாங்கள் யாருமே எதிர்பார்க்கவில்லை. “நான் ஸ்கெட்ச் பேனா கேட்டேன்லா, அதான அப்பா அந்தப் பக்கம் போனாவ?” என்றாள். வாரக்கணக்கில் அந்தக் குழந்தை இதை யாரிடமும் சொல்லாமல் சுமந்துகொண்டிருந்திருக்கிறது. என் வாயில், “சேச்சே, உன்னாலயா” என்ற சொல் வந்துவிட்டது. ஆலோசகர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அவளிடமே, அன்று என்னென்ன நடந்தது என்று உனக்குத் தெரிந்ததைச் சொல்லு என்று லாரியை அவள் பக்கம் தள்ளினார். அவள் சொன்னதில் மழை இல்லை, வழுக்கிய ரோடு இல்லை, லாரியை ஓட்டியவரும் இல்லை. ஸ்கெட்ச் பேனாவும் அப்பாவும் மட்டுமே இருந்தார்கள். விட்டுப்போன ஒவ்வொன்றையும் அவர் எடுத்துக் கொடுக்க, அவள் அவற்றைப் பாயில் அடுக்கிக்கொண்டே வந்தாள். கடைசியில் விபத்து நடந்ததற்கு எது எது காரணம் என்று அவளே சொன்னாள். பேனா அந்தப் பட்டியலில் இல்லை. “உன் தப்பில்லை” என்று நாம் நூறு தடவை சொல்லியிருந்தாலும், அவள் தலையில் அந்த ஒரே காரணம்தான் இருந்திருக்கும். தன் எண்ணமோ, கேட்ட பொருளோ, போட்ட சண்டையோதான் சாவை வரவழைத்துவிட்டது என்று இந்த வயதுக் குழந்தைகள் நினைப்பது வழக்கம் என்றும், கேட்டால் ஒழியச் சொல்ல மாட்டார்கள் என்றும் பிறகு எங்களிடம் விளக்கினார். தூக்கம் உடனே சரியாகவில்லை. அம்மாவை உலுக்குவது மெல்லக் குறைந்து, கோடை விடுமுறைக்கு முன் நின்றது.

அழுதுகொண்டிருந்த குழந்தை ஐந்து நிமிஷத்தில் எழுந்துபோய்த் தெருவில் விளையாடுவதைப் பார்த்து, “இதுக்கு ஒண்ணும் தெரியல பாவம்” என்று துட்டி கேட்க வந்தவர்கள் எங்கள் வீட்டில் சொன்னார்கள். அது தெரியாததால் அல்ல. துக்கத்துக்குள் போவதும் அதைவிட்டு வெளியே வந்து வேறு வேலை பார்ப்பதுமாக மாறிமாறி நடப்பதே இயல்பு என்று 1999இல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் பெரியவர்களுக்கே சொன்னார்கள். குழந்தைகளிடம் அந்த மாற்றம் இன்னும் வேகமாக நடக்கிறது. இதை நிலையத்தில் ஆச்சிக்குப் புரியும்படி சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் சின்னவள் சிரித்து விளையாடினால் ஆச்சி முகம் சுளிப்பது நின்றது.

பெரியவர்களுக்கான அமர்வுகளில் சடங்குகளுக்கு அவர்கள் கொடுத்த இடம் குறிப்பிடத்தக்கது. பிள்ளைகளை அதிலிருந்து ஒதுக்கிவைக்காதீர்கள், இழுத்துக்கொண்டும் போகாதீர்கள், என்ன நடக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, வருகிறாயா என்று கேளுங்கள் என்பது அவர்களுடைய விதி. ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் தர்ப்பணம் கொடுக்கப் போகும்போது கூட்டம் எப்படி இருக்கும், ஆற்றில் என்ன செய்வார்கள், சலித்துவிட்டால் யாரோடு வெளியே வந்து நிற்கலாம் என்பதுவரை சின்னவளிடம் சொல்லிவைக்கச் சொன்னார்கள். தீபாவளி, பிறந்தநாள், பள்ளி ஆண்டுவிழா, முதலாண்டுத் திதி ஆகியவற்றைக் காலண்டரில் குறித்துவைத்துக்கொண்டு, அதற்கு முந்தின வாரமே பிள்ளைகளிடம் பேச்செடுக்கச் சொன்னார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளை இதேபோல் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். காத்திருப்பு அறையில் பழக்கமான மேலப்பாளையத்துப் பெரியவர் ஒருவர் சொன்னது: அவருடைய மகள் இத்தாவில், அதாவது கணவரை இழந்த முஸ்லிம் பெண்கள் இருக்கும் காத்திருப்புக் காலத்தில், நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்ததால், தாய்க்கான அமர்வுகளை ஆலோசகர் வீட்டுக்கே வந்து நடத்தியிருக்கிறார். இப்படி வீடு தேடி வருவதற்குக் கூடுதல் கட்டணம் வாங்கவில்லையாம். இந்த ஒரு செய்திக்காகவே இவர்களுக்கு நான் மதிப்பெண்ணைக் கூட்டிப் போடுவேன்.

பெரியவன் விஷயத்துக்கு வருகிறேன். அவன்தான் கொள்ளி வைத்தான், மொட்டையோடு பள்ளிக்குத் திரும்பினான், அரையாண்டுத் தேர்வை எழுதினான், வீட்டில் யாரிடமும் பேசாமல் இருந்தான். துட்டிக்கு வந்த ஒவ்வொருவரும் அவன் தோளில் கைவைத்து, “இனிமே நீதாம்ல வீட்டுக்கு ஆம்பள, அம்மாவ நீதான் பாத்துக்கிடணும், நீ அழப்பிடாது” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். பதினைந்து வயதுப் பையனுக்கு இதைவிடப் பெரிய பாரத்தை யாரும் கொடுத்துவிட முடியாது. இதை நிலையத்தில் சரியாகவே பிடித்தார்கள். குடும்பத்தில் அவன் மதிக்கும் ஒரு பெரியவர் அந்தச் சொல்லை வெளிப்படையாகத் திரும்பப் பெற வேண்டும் என்று ஆலோசகர் கேட்டுக்கொண்டார். எங்கள் தாத்தா அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “வீட்ட நானும் உங்க மாமாவும் பாத்துக்கிடுவோம், நீ படிக்கிற பிள்ள, படி, விளையாடு, அழுகை வந்தா அழு” என்றார். அன்றிரவு அவன் வயிறாரச் சாப்பிட்டான் என்று தங்கை சொன்னாள்.

இதுவரைக்கும் நல்லது. ஆனால் அவனுடன் நேரடியாக நடந்த அமர்வுகளில் எனக்குத் திருப்தி இல்லை. அறை முழுவதும் சின்னக் குழந்தைகளுக்கானது. சுவரில் கார்ட்டூன் முயல், முழங்கால் உயர நாற்காலி. அந்த நாற்காலியில் ஆறடி நெருங்கும் பையனை உட்காரவைத்து, எதிரே ஒருவர் குறிப்பேட்டோடு உட்கார்ந்து, மனசில் என்ன இருக்கிறது சொல்லு என்றால் அவன் எதைச் சொல்வான்? தொடக்கத்தில் சில அமர்வுகள் முழுக்க மௌனத்திலேயே போயின. அதற்கும் முழுக் கட்டணம். பிறகு நான் பேசியபின் இளைஞர் ஒருவரை ஏற்பாடு செய்தார்கள். அவர் பையனைக் கேரம் போர்டு முன்னால் உட்காரவைத்தார். காயை அடித்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், பையன் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினான். பள்ளியில் எல்லாரும் மொட்டைத் தலையைப் பார்த்ததையும், நண்பர்கள் தன் முன்னால் தங்கள் அப்பாக்களைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டதையும், அது இன்னும் மோசமாக இருந்ததையும் அவரிடம்தான் சொல்லியிருக்கிறான். அந்த இளைஞர் வாரத்தில் ஒருநாள் மட்டுமே வருகிறார். அந்த நாளுக்கு எப்போதும் நெரிசல்.

இந்த வயதினருக்கு உண்மையில் உதவுவது, தன்னைப் போலவே இழந்த நான்கைந்து பேரோடு ஒன்றாக உட்கார்வது. அமெரிக்காவின் போர்ட்லண்டில் 1982 முதல் இயங்கிவரும், துக்கத்தில் உள்ள பிள்ளைகளுக்கான டகி மையம் இந்த ஒரு யோசனையின் மேல்தான் கட்டப்பட்டது. அங்கே பிள்ளைகள் வயதுவாரியாகக் குழுவாகச் சந்திக்கிறார்கள், பேச விருப்பமில்லாதவர் சும்மாவும் இருக்கலாம். அரிசோனாவில் இர்வின் சாண்ட்லர் குழுவினர் வடிவமைத்த குடும்பத் திட்டத்திலும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் தனித்தனியே 12 குழு அமர்வுகள் உண்டு; அதன் பலன் ஆண்டுகள் பல கடந்தும் நீடித்ததாகத் தொடர் ஆய்வுகள் காட்டின. இங்கே ஏன் குழு இல்லை என்று கேட்டேன். ஒரே நேரத்தில் இத்தனை பிள்ளைகளைச் சேர்ப்பது கடினம், டியூஷன் நேரம் இடிக்கிறது என்றார்கள். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயர் வாங்கிய பாளையங்கோட்டையில், தெருவுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிற ஊரில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து பிள்ளைகளைச் சேர்க்க முடியாது என்பதை நான் ஏற்க மாட்டேன். பள்ளிகளோடு அவர்கள் தொடர்பை வளர்த்துக்கொள்ளவில்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன்.

இருந்தாலும் ஒன்றைத் தயங்காமல் செய்தார்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் உனக்கு வந்ததுண்டா என்று பெரியவனிடம் நேராகக் கேட்டார்கள். தங்கை பதறிப்போனாள், இல்லாத எண்ணத்தை இவர்களே பிள்ளை தலையில் போட்டுவிடுவார்களோ என்று பயந்தாள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை, மறைத்துவைத்திருப்பவர்களுக்குச் சொல்ல ஒரு வழி கிடைக்கிறது என்பது மனநலத் துறையில் நன்கு நிறுவப்பட்ட விஷயம். அப்பாவிடமே போய்விடுகிறேன் என்ற பேச்சு, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, பள்ளிக்குப் போகவே மறுப்பது, குடிப்பழக்கம் ஆகியவை தென்பட்டால் தாங்கள் வைத்துக்கொள்ளாமல் மனநல மருத்துவரிடம் அனுப்பிவிடுவதாகச் சொன்னார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022இல் திருத்திய நோய்ப் பட்டியலில், பெரியவர்களுக்கு ஓராண்டைத் தாண்டியும், பிள்ளைகளுக்கு ஆறு மாதத்தைத் தாண்டியும் அன்றாட வாழ்வையே முடக்கிப்போடும் துக்கத்தைத் தனிக் கோளாறாகச் சேர்த்திருக்கிறது. அந்த ஆறு மாதக் கணக்கை இவர்கள் மனத்தில் வைத்துக்கொண்டு மறுமதிப்பீடு செய்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் இருவருக்கும் செய்தார்கள்.

பள்ளிக்கு எழுதிக்கொடுத்த கடிதம் அரைப்பக்கம்தான், ஆனால் உபயோகமானது. வகுப்பில் எல்லார் முன்னாலும் அனுதாபம் சொல்ல வேண்டாம். அடக்க முடியாமல் அழுகை வந்தால் கேட்காமலே எழுந்து வெளியே போய்வர ஓர் இடத்தைக் காட்டிவிடுங்கள். ‘என் தந்தை’ என்று கட்டுரை எழுதச் சொல்லும்போது வேறு தலைப்பும் கொடுங்கள் என்று அதில் இருந்தது. சின்னவளின் வகுப்பாசிரியை அதைத் தன் மேசை டிராயரில் வைத்துக்கொண்டு அப்படியே நடந்தார்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் மதிப்புரை ஆகாது. ஒரு அமர்வுக்கு 800 ரூபாய், 45 நிமிஷம். சம்பாதிக்கிற ஒரே ஆளை இழந்த வீட்டுக்கு அது சிறிய தொகை அல்ல, அதுவும் பீடி சுற்றி வாரக்கூலி வாங்கும் பெண்ணுக்கு நினைத்தே பார்க்க முடியாத தொகை. கட்டணச் சலுகை உண்டாம், கேட்டவர்களுக்கு மட்டும். சுவரில் எங்கும் எழுதிவைக்கவில்லை. அதைவிட என்னை உறுத்தியது, அரசு தரும் உதவிகளைப் பற்றி இவர்கள் தாமாக ஒன்றும் சொல்வதில்லை என்பது. மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் தாய் கைம்பெண்ணாக இருக்கும் பிள்ளைகளுக்கு, குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கு மிகாமல் இருந்தால், மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு பெற வழி இருக்கிறது; விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் வருவாய் ஈட்டும் பெற்றோர் விபத்தில் இறந்தால் 75,000 ரூபாய் தரும் திட்டமும் தமிழ்நாட்டில் உண்டு. இவை எல்லாம் எனக்குப் பள்ளித் தலைமையாசிரியர் சொல்லித்தான் தெரியவந்தது. வீட்டில் பணக் கவலை தீராமல் பிள்ளையின் மனக் கவலை மட்டும் எப்படித் தீரும்? தாயின் நிலைதான் பிள்ளையின் நிலை என்று முதல் நாளே சொன்னவர்கள் இதைச் சொல்லாமல் விட்டது பொருத்தமாக இல்லை.

ஒரு தாளில் இவற்றை அச்சடித்து வாசலில் வைப்பதற்கு என்ன செலவாகிவிடும்? அதே தாளில், பணம் கட்ட முடியாதவர்களுக்காக 14416 என்ற எண்ணையும் போடலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனாஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை அது, நாள் முழுவதும் இலவசம், தமிழிலேயே பேசலாம். ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு 1098 என்ற உதவி எண். ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நிலையத்தில் இரவு நேரத்தில் போன் எடுக்க ஆள் இல்லாததால், இரவில் பதற்றமானால் 14416க்குக் கூப்பிடுங்கள் என்று வாய்மொழியாகச் சொல்லிவைத்தார்கள். எங்களுக்கு அதற்குத் தேவை ஏற்படவில்லை.

இடவசதி சுமார். மாடிக்கு லிப்ட் கிடையாது. முழங்கால் வலியுள்ள ஆச்சியைக் கைத்தாங்கலாக ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. பெரியவர்கள் எல்லாரும் வந்தே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடுகிற இடம் தரைத்தளத்தில் இருந்திருக்க வேண்டும். காத்திருப்பு அறையும் ஆலோசனை அறையும் பிளைவுட் தடுப்பால்தான் பிரிந்திருக்கின்றன; உள்ளே அழுவது வெளியே கேட்கிறது. வர முடியாவிட்டால் முந்தின நாள் மாலைக்குள் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் கட்டணம் போனதுதான். தேர்வு நேரத்தில் ஒருமுறை அப்படிப் போயிற்று.

பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால், அது இரவில் தூங்காமலோ, விட்டுப்போன பழக்கமாகிய படுக்கை நனைத்தலுக்குத் திரும்பியோ, அம்மாவை ஒரு நொடி விடாமல் ஒட்டிக்கொண்டோ இருந்தால், இதுபோன்ற நிலையத்துக்குத் தாராளமாகப் போகலாம். துட்டி முடிந்த மறுவாரமே ஓட வேண்டியதில்லை. முதல் சில வாரங்கள் பிள்ளைக்கு வேண்டியது பழைய சாப்பாட்டு நேரம், பழைய பள்ளிக்கூடம், கேள்வி கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்லும் ஆட்கள். பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கென்றால், பணம் கட்டுமுன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: அந்த வயதினரோடு பழகுகிற ஆள் யார், அவர் வாரத்தில் எந்த நாள் வருகிறார், குழுவாகச் சந்திக்கும் ஏற்பாடு உண்டா. வரும் ஜூனில் பள்ளி திறந்தபின் வளரிளம் பருவத்தினருக்கு ஞாயிற்றுக்கிழமைக் குழு ஒன்றைத் தொடங்கப்போவதாக இவர்கள் இப்போது சொல்கிறார்கள். பெரியவனிடம் கேட்டேன், கேரம் போர்டு இருக்குமா என்றான். பெயர் கொடுத்திருக்கிறேன், முன்பணம் கட்டவில்லை. குழு நடக்கத் தொடங்கியபின் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.